ஏழு முட்டைக்கு முப்பத்தாறு வாட்

பேருந்து ஓட்டுநருக்கு உடம்பு பெரிது, மனசு இளகியது, பிடிவாதம் இரண்டையும் விடப் பெரிது. பணிமனைக்குப் பின்னால் கிடந்த பழைய டயருக்குள் ஒரு வாத்து அடை உட்கார்ந்ததை முதலில் பார்த்தவர் அவர்தான். தினமும் வண்டி எடுக்கும்முன் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார். இருபத்தோராம் நாள் ஒரு நாய் வாத்தைத் துரத்திவிட்டது. போன வாத்து போனதுதான். டயருக்குள் ஏழு முட்டை வெதுவெதுப்பாகக் கிடந்தன.

அவற்றைத் தொப்பிக்குள் வைத்து, தொப்பியை மடியில் வைத்து, வேகத்தடைகளில் மாப்பிள்ளை ஊர்வலம் போல வண்டியை உருட்டிக்கொண்டு அன்றைய கடைசி நடையை முடித்து வீட்டுக்கு வந்தார்.

“ஆம்லெட்டுக்கா?” என்றாள் மனைவி.

“வாயைக் கழுவு. உள்ள உயிர் இருக்கு. இன்னும் ஒரு வாரம் சூடு கொடுத்தா போதும்.”

உடைந்த அலமாரியின் இழுப்பறை ஒன்றை எடுத்தார். கூரை ஓட்டுத் துண்டு ஒன்றில் இரண்டு மீட்டர் ஹீட்டர் கம்பியைச் சுற்றி, பன்னிரண்டு வோல்ட் அடாப்டரில் இணைத்து, மேலே கண்ணாடி போட்டு மூடினார். முட்டைக்கு வேண்டியது முப்பத்தேழரை டிகிரி. வெப்பமானி முப்பத்திரண்டில் ஏறிக் குந்திக்கொண்டு இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

“கம்பி பத்தலை” என்று தீர்ப்புச் சொன்னார். காலையில் கடை திறந்ததும் ஓடிப்போய் இன்னும் இரண்டு மீட்டர் வாங்கி வந்து, அதன் வாலிலேயே சேர்த்து முறுக்கினார். இப்போது நாலு மீட்டர். வெப்பமானி இருபத்தாறுக்கு இறங்கியது.

ஓட்டுநருக்கு முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று நாற்காலியில் சாய்ந்து, ஏழு முட்டைகளையும் வயிற்றோடு அணைத்து, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டார்.

“உன் தங்கச்சியைக் கூப்பிடு.”

“அவகிட்ட கேக்கவே மாட்டேன்னு நேத்து சொன்னீங்களே?”

“நேத்து நான் மனுஷன். இப்ப வாத்து. கூப்பிடு.”

மனைவியின் தங்கை பட்டறையில் அயர்ன் பெட்டி, ஹீட்டர் எல்லாம் பழுது பார்ப்பவள். மல்ட்டிமீட்டரோடு வந்தவள், கம்பளிக்குள் இருந்த அக்கா புருஷனைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

“மாமா, எத்தனையாவது மாசம்?”

“சிரிச்சது போதும். அந்தக் கடைக்காரன் போலிக் கம்பியைத் தலையில கட்டிட்டான். என்னன்னு பாரு.”

அவள் மீட்டரின் இரண்டு ஊசிகளையும் கம்பியின் இரு முனையிலும் வைத்தாள். பிறகு இணைப்பைப் பிரித்து, நடுவில் மீட்டரைச் சேர்த்தாள்.

“வோல்ட் பன்னிரண்டு. ஓடற கரண்ட் ஒரு ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா, கம்பியோட தடை பன்னிரண்டு ஓம். ரெண்டையும் பெருக்கினா பன்னிரண்டு வாட். அவ்வளவுதான் உங்க அடுப்பு. கம்பி நல்ல கம்பிதான். நீளம்தான் ஜாஸ்தி.”

“ஜாஸ்தியா? கம்பி அதிகமா இருந்தாத்தானே சூடு அதிகம்?”

“நீங்க ஓட்டற வழியில இப்ப இருக்கற வேகத்தடை மாதிரி ரெண்டு பங்கு வச்சா, ஒரு நாளைக்கு அதிக நடை அடிப்பீங்களா, குறைச்சலா?”

ஓட்டுநர் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். வேகத்தடை பற்றி அவருக்கு இருந்த கருத்தெல்லாம் வீட்டில் சொல்லத் தகுந்ததல்ல.

அவள் பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டாள். ரெண்டு மீட்டராக இருந்தபோது ஆறு ஓம், ரெண்டு ஆம்பியர், இருபத்துநாலு வாட். அறையின் இருபது டிகிரிக்கு மேல் அது ஏற்றிக் கொடுத்தது பன்னிரண்டு. நாலு மீட்டரில் பாதி வாட், பாதி ஏற்றம். அப்படியானால் இரண்டு வாட்டுக்கு ஒரு டிகிரி.

“நமக்கு வேணும் பதினேழரை டிகிரி. முப்பத்தஞ்சு வாட். தடை நாலு ஓம் இருந்தா மூணு ஆம்பியர் ஓடும், முப்பத்தாறு வாட் வரும். உங்க அடாப்டர் அஞ்சு ஆம்பியர் வரைக்கும் தாங்கும். நாலு மீட்டர்ல மூணுல ஒரு பங்கை மட்டும் வெட்டி மாட்டறேன்.”

“வெட்டறியா! இருக்கறதே பத்தலை!” ஓட்டுநர் எழப் பார்த்தார்.

“அசையாதீங்க!” என்று அக்காளும் தங்கையும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர் அப்படியே உறைந்தார்.

கத்தரி ‘கிளிக்’ என்றது. மிச்சக் கம்பியை அவள் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டபோது, அவருக்குத் தன் குடலையே சுருட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. துண்டுக் கம்பியை ஓட்டில் சுற்றி மாட்டினாள். மீட்டர் மூன்று ஆம்பியர் காட்டியது. அக்காளும் தங்கையும் கண்ணாடி மேல் குனிந்தார்கள். ஓட்டுநர் கழுத்தை மட்டும் நீட்டினார். முப்பது. முப்பத்துநாலு. அரை மணி நேரத்தில் முப்பத்தெட்டு. மச்சினி மூடியை ஒரு விரல் நகர்த்திக் காற்று போக இடம் விட்டாள். முப்பத்தேழரையில் நின்றது.

“வெட்ட வெட்டச் சூடா?” என்றார் அவர், கோபமா வியப்பா என்று அவருக்கே தெரியாமல். “அப்ப முழுசா வெட்டிட்டா?”

“ஷார்ட் ஆகி வீட்டுக்கு ஃபயர் சர்வீஸ் வரும்.”

மனைவி ஒவ்வொரு முட்டையாகக் கம்பளிக்குள்ளிருந்து வாங்கி இழுப்பறையில் அடுக்கினாள். ஓட்டுநருக்கு மடி திடீரென்று காலியாகி, என்னவோ போல் இருந்தது. வெறும் கம்பளியை மடித்து மடியிலேயே வைத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் மத்தியானம் முதல் ஓடு விரிசல் விட்டது. மாலைக்குள் ஐந்து வாத்துக் குஞ்சுகள் ஈரத்தோடு தள்ளாடி நின்றன. மற்ற இரண்டு முட்டைகளும் அசையவே இல்லை. அவர் மேலும் இரண்டு நாள் அவற்றை எடுக்க விடாமல் வைத்திருந்து, பிறகு தானே கொண்டுபோய்த் தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்தார்.

குஞ்சுகள் தன் பின்னால்தான் வரும் என்று அவர் உறுதியாக நம்பினார். ஆனால் அவை கண் திறந்து பார்த்த நேரத்தில் இழுப்பறைக்கு முன்னால் நின்றது அவர் மனைவி. அவள் சமையலறைக்குப் போனால் ஐந்தும் வரிசையாகச் சமையலறைக்கு. அவள் துணி காயப்போட்டால் ஐந்தும் கொடிக்குக் கீழே.

“அடை காத்தது நானு” என்று அவர் முறையிட்டார்.

“வாங்களேன்,” என்றாள் அவள், கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு. “ஆறாவதா நில்லுங்க.”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு போய் நின்றார்.