இருநூறாவது படம்

இந்த ஊரில் யாருக்குக் கல்யாணம் ஆனாலும் அது என் அறைக்கு வந்துதான் ஆக வேண்டும். பெருமைக்குச் சொல்லவில்லை. ஊரில் இருப்பது மூன்று ஸ்டுடியோ, மூன்றுக்கும் படம் மாற்றிக் கொடுப்பவன் நான் ஒருவன்தான். கேமராவிலிருந்து வருகிற ரா ஃபைல் வாடிக்கையாளரின் போனில் திறக்காது. அதை நிறம் பார்த்து, வெளிச்சம் பார்த்து, ஜேபெக்காக மாற்றிக் கொடுக்க வேண்டும். ரா என்பது வெட்டாத துணி, ஜேபெக் தைத்த சட்டை. தைத்து முடித்த பிறகு தோளில் பிடிக்கிறது என்று அழுது பயனில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் ஸ்டுடியோக்காரர்களின் மண்டையில் ஏறுவதில்லை.

மாடியில் ஒற்றை அறை. ஒரு மேஜை, இரண்டு திரை, ஒரு கட்டில். சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்து ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருக்கிறேன். வெளி வெளிச்சம் உள்ளே வந்தால் கண் நிறத்தைத் தப்பாகச் சொல்லும். வீட்டுக்கார அம்மா முதல் தடவை எட்டிப் பார்த்தபோது, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, தொழிலே இப்படித்தான் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

இந்தத் தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு. ஊரில் பாதிப் பேரை எனக்குத் தெரியும், என்னை ஒருவருக்கும் தெரியாது. ஒரு தடவை பஸ்ஸில் எதிர் இருக்கையில் ஒரு பெண். அவள் கல்யாணத்தில் ஆயிரத்து எண்ணூறு படம். அவளுடைய இடது புருவத்துத் தழும்பு முதல், முகம் கொடுக்காமல் திரும்பி நின்ற நாத்தனார் வரை எனக்கு அத்துப்படி. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அவள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். அன்றிலிருந்து பஸ்ஸில் நான் தரையைப் பார்த்துத்தான் உட்காருகிறேன்.

ஆகவே, என் மகளின் கல்யாணமும் ஒருநாள் இந்த அறைக்கு வரும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவள் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போனாள். சண்டை பெரிதொன்றும் இல்லை. என் வாய் சும்மா இருக்காது, அவளுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. அவங்களா வரட்டும் என்று இருந்தேன். அப்படியே பதினாறு வருஷம் ஓடிவிட்டது. அந்த வீடு இங்கிருந்து ஒன்பது நிறுத்தம். பன்னிரண்டாவது தேறிய அன்றைக்கு மகள் ஒருமுறை போன் செய்தாள். மார்க் எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். “உங்கம்மா சொல்லித்தான் பண்றியா?” என்று கேட்டேன். வைத்துவிட்டாள். அந்த ஒரு கேள்விக்காக நான் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

கல்யாணத்தை மைத்துனர்தான் சொன்னார். அழைப்பு இல்லை, தகவல். தெரியாமல் இருக்கக் கூடாதே என்று சொல்கிறேன், வந்து எதுவும் பண்ணிவிடாதீர்கள் என்றார். நான் என்ன பண்ணப் போகிறேன்? இருக்கிற நல்ல சட்டை ஒன்றே ஒன்று, நீல நிறம். அதைப் போட்டுக்கொண்டு போனேன். மண்டபத்தின் பின்வாசல் பக்கம் நின்றேன். அவள் மேடையில் யாரிடமோ குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் இருக்கும். யாரோ “வாங்க, சாப்பிட்டுட்டு வந்து உட்காருங்க” என்று கையைப் பிடித்தார்கள், அவர்களுக்கும் நான் யாரென்று தெரியாது. கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். தெரிந்தவர் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்றுதான் நினைத்தேன்.

நாலாம் நாள் ஸ்டுடியோவிலிருந்து அவள் கல்யாண ஃபோல்டர் வந்தது. இந்த ஸ்டுடியோக்காரன் எனக்கு ஒன்பது வருஷப் பழக்கம், தம்பி மாதிரி. என்னைச் சாமியார் அண்ணா என்றுதான் கூப்பிடுவான். எனக்கு ஒரு குடும்பம் இருந்தது என்பது அவனுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

முதலில் எல்லாப் படத்துக்கும் சின்னதாக ஒரு மாதிரிப் படம் எடுத்து ஒரே ஃபோல்டரில் போட வேண்டும். வாடிக்கையாளர் போனில் அதைப் பார்த்துப் பிடித்த இருநூறின் எண்ணை எழுதி அனுப்புவார். அந்த இருநூறைத்தான் நான் உட்கார்ந்து ஒழுங்காக மாற்றுவேன். இந்தக் கல்யாணத்துக்கு இரண்டு கேமரா. ஒன்று ஸ்டுடியோக்காரனுடையது, இன்னொன்று கூட்டத்தை எடுக்க அவன் வெளியிலிருந்து கூப்பிட்ட ஒரு பெண்ணுடையது. இரண்டு கேமரா என்றால் எண்களுக்கு முன்னால் ஓர் அடையாள எழுத்துச் சேர்ப்பது என் வழக்கம். ஒரே எண் இரண்டிலும் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து அழித்துவிடும். இது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

அன்றைக்கு அதைச் செய்யவில்லை. மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பொத்தானை அமுக்கிவிட்டுத் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அந்தக் கேமராக்காரப் பெண்ணின் படங்கள் முதலில் ஏறின, ஸ்டுடியோக்காரனுடையவை அடுத்து. இதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றிவிடலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. கை நீட்டி, எல்லாவற்றுக்கும் சரி என்று தட்டிவிட்டேன். என்ன கேட்டது என்றுகூடப் படிக்கவில்லை. அனுப்பிவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து மகளிடமிருந்து பட்டியல் வந்தது. நூற்றுத் தொண்ணூற்றொன்பது எண்கள். இருநூறாவது இடத்தில் எண் இல்லை, இப்படி எழுதியிருந்தாள்:

“எண் தெரியல. ஆரம்பத்துல பின்வாசல் பக்கம் நீலச் சட்டை போட்ட பெரியவர் ஒருத்தர் நின்னார். நீங்க அனுப்பினதுல தேடிட்டேன், இல்ல. அவர் இருக்கிற படம் எதுவா இருந்தாலும் பரவாயில்ல, முகம் தெரியணும்.”

அதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. பார்த்திருக்கிறாள். மேடையிலிருந்து அத்தனை தூரத்தில், அத்தனை தலைகளுக்கு நடுவில். ஆனால் நிச்சயமில்லை. அவள் கடைசியாக என்னைப் பார்த்தபோது எனக்குத் தலைமுடி கறுப்பு, தொப்பையும் இல்லை. அவர்தானா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படத்தைக் கேட்கிறாள். தெரிந்தபின் என்ன செய்வாள் என்பது எனக்குத் தெரியாது. அழலாம். வாசல் வரை வந்தவனுக்கு மேடை வரை வர முடியவில்லையா என்று காறித் துப்பலாம். இரண்டுக்கும் அவளுக்கு உரிமை உண்டு.

ஸ்டுடியோக்காரனுக்குப் போன் செய்தேன். கடைசி வரியில் ஏதோ எழுதியிருக்கிறார்களே என்றேன். அவன் அலுத்துக்கொண்டான். அப்படி ஒரு படம் இருந்தால்தானே, இல்லை என்று சொல்லி மேடைப் படம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள், இருநூறு வந்தால் போதும் என்றான். படத்தைப் பார்க்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. எண்ணிக்கை சரியா என்று மட்டும்தான் பார்ப்பான்.

இல்லை என்று சொல்ல எவ்வளவு வசதி பாருங்கள். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவளும் யாரோ ஒருவர் என்று விட்டுவிடுவாள். நானும் ஜன்னலை மூடிக்கொண்டு பழையபடி இருக்கலாம்.

ஆனாலும் கூட்டத்தை எடுத்த அந்தப் பெண்ணின் ஃபைல்களைத் திறந்தேன். அழிந்தது சின்ன மாதிரிகள்தான், ரா ஃபைல்கள் பத்திரமாக இருந்தன. அறுபத்தொன்பது படங்கள் ஒரே எண்ணில் மோதி அவளுக்குப் போகாமல் நின்றிருந்தன. பதினாறு வருஷம் நான்தான் ஒளிந்தேன் என்று பார்த்தால், படத்திலும் என்னை நானே அழித்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை.

எண் ஐந்தாயிரத்து எழுபத்தேழு. ஒரு மின்விசிறியின் கால், யாரோ ஒருவரின் பாதி முதுகு, அவருக்கு அப்பால் கதவோரத்தில் நான். எனக்குப் பின்னால் திறந்த வாசல், பளீரென்று வெயில். கேமரா வெயிலுக்கு ஈடுகொடுத்ததில் நான் கறுத்துப்போயிருந்தேன். சட்டை நீலம் என்று விளிம்பில் மட்டும் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு.

இதை இப்படியே ஜேபெக் ஆக்கி அனுப்பலாம். கேட்ட படத்தைக் கொடுத்ததாகவும் ஆகும், என்னைக் காட்டிக்கொடுத்ததாகவும் ஆகாது. வெறும் ஜேபெக் என்றால் அந்த இருட்டுக்குள் எதுவும் இருக்காது, எவ்வளவு இழுத்தாலும் புள்ளி புள்ளியாகச் சாம்பல்தான் வரும். ராவில் அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தையும் கேமரா வாங்கி வைத்திருக்கும். அதை வெளியே எடுப்பதற்குத் திரையில் ஒரு கோடு இருக்கிறது, அதன் மேல் இருக்கிற குமிழை வலப்பக்கம் இழுக்க வேண்டும். ஊரார் முகத்துக்கெல்லாம் தினம் இருபது தடவை செய்கிற வேலை. மவுஸைப் பிடித்த கை நகரவில்லை.

எழுந்து போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்தேன். செய்ய வேறு வேலை இல்லாதபோது கொஞ்சமாக இழுத்தேன். சட்டைக் காலர் வந்தது. இன்னும் கொஞ்சம். தாடை, சரியாக மழிக்காத கன்னம். இன்னும் இழுத்தேன். வாய் திறந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஈரம், வழிந்து காலர் வரை போயிருந்தது.

நான் அழுதேன் என்பது எனக்கே தெரியாது. முறைப்பாக, யாருக்கும் பிடிகொடுக்காத மாதிரி நின்றுவிட்டு வந்தேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இந்த முகத்தோடு நின்றவனைத்தான் அந்த மனுஷன் கையைப் பிடித்துச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்.

குமிழைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். இருட்டு வந்து மூடிக்கொண்டது. அந்த ஆளை எனக்குப் பிடித்தது, கம்பீரமாக இருந்தான். மறுபடி இழுத்தேன், கிழவன் அழுதான். அப்படி முன்னும் பின்னுமாக எத்தனை நேரம் போனது என்று தெரியவில்லை. கடைசியில் அவள் எழுதிய வரியை இன்னொரு தடவை படித்தேன். முகம் தெரியணும். வாடிக்கையாளர் இவ்வளவு தெளிவாகக் கேட்ட பிறகு நான் யார் குறுக்கே நிற்க?

பக்கத்து முதுகை வெட்டினேன். மின்விசிறிக் காலையும் எடுத்தேன். தோலின் நிறம் கொஞ்சம் சிவந்திருந்தது, அதைச் சரிசெய்தேன். கண்ணீரைத் தொடவில்லை. மாற்று என்று அமுக்கினேன். மூன்று விநாடி ஆனது. மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பதோடு அதையும் சேர்த்து ஏற்றினேன். விடுபட்ட மாதிரிகளையும் அனுப்பி, தப்பு என்னுடையது என்று ஸ்டுடியோக்காரனுக்கு எழுதினேன்.

இரண்டு நாள் ஒன்றும் இல்லை. வேறொரு கல்யாணத்தை எடுத்து வைத்துக்கொண்டு முப்பது படம்கூட முடிக்கவில்லை. எல்லாருடைய முகமும் பச்சையாகத் தெரிந்தது. கட்டிலில் படுத்தால் போன் அடிப்பது போல இருக்கும், எடுத்துப் பார்த்தால் இருக்காது. தனியாக இருந்து பழகியவன் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வேன். பழக்கமாவது மண்ணாவது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஸ்டுடியோக்காரன் கூப்பிட்டான்.

“சாமியார் அண்ணா, அந்தக் கல்யாணப் பொண்ணு மறுபடி போன் பண்ணிச்சு. நீலச் சட்டைக்காரர் சாப்பிடற இடத்துல இருக்கிற மாதிரி ஏதாவது படம் இருக்கான்னு கேக்குது.”

“எதுக்காம்?”

“அவர் சாப்பிட்டாரா இல்லையான்னு தெரியணுமாம். அதை எல்லாம் நான் எப்படிச் சொல்றது? நேரம் இருந்தா பாருங்க, அவசரம் இல்ல.”

“பாக்க வேண்டியதில்ல. அவர் சாப்பிடல.”

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

போன் காதில் சூடாக இருந்தது. இன்னொரு பொய்க்கு இடம் இருந்தது, எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டேன் என்று சொன்னால் நம்பிவிடுவான்.

“அது நான்தான்ப்பா,” என்றேன். “அது என் பொண்ணு.”

அவளிடம் என்ன சொல்லட்டும் என்று மெதுவாகக் கேட்டான். நீ எதுவும் சொல்ல வேண்டாம், எண்ணைக் கொடு என்றேன். கொடுத்தான். மேஜையில் கிடந்த உறையின் முதுகில் எழுதிக்கொண்டேன். எழுதிய கையோடு அமுக்கிவிட்டேன். கொஞ்சம் யோசித்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும்.

நாலாவது மணியில் எடுத்தாள். ஹலோ என்றாள். யாருங்க என்றாள். அவள் குரல் அவள் அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது. தெரியாத எண்ணிலிருந்து வந்து பேசாமல் இருந்தால் யாராக இருந்தாலும் வைத்துவிடுவார்கள். அவள் வைக்கவில்லை.

“சாப்பிடல பாப்பா,” என்றேன்.