கண்ணாடியில் அம்மாவின் சால்வை

பட்டறைக்கு அண்ணியோடு வந்த அண்ணன் நீட்டிய பையைத் திறந்ததுமே தங்கைக்குச் சரியாகப் படவில்லை. உள்ளே வெள்ளை குரோஷே சால்வை, அம்மா பின்னியது போலவே பூப்பூவாக. ஆனால் நோயில் கிடந்து இறந்த அம்மா வருஷக்கணக்கில் போர்த்திய துணி இப்படி மொடமொடவென்றா இருக்கும்?

"இத அப்படியே ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வச்சு உன் கண்ணாடிச் சூளையில உருக்கிக் குடு. புது வீட்டு ஹால்ல மாட்டணும்," என்றான் அண்ணன். "அசல் துணியே உள்ள இருக்குன்னு வர்றவங்ககிட்ட சொல்லணும்ல."

வருகிறவர்களிடம் சொல்ல வேண்டுமாம். ஒரே வீட்டின் பின்னறையில் அம்மா கிடந்தபோது எட்டிப் பார்க்க நேரமில்லாத மகராசன். அம்மாவின் கட்டிலடியை விட்டு நகராமல் கிடந்தது வீட்டு நாய் மட்டும்தான்.

அவள் ஒரு நூலை உருவி மெழுகுவர்த்தியில் காட்டினாள். எந்தத் துணியையும் சூளைக்குள் விடுமுன் அவள் செய்வதுதான். பருத்தி என்றால் சாம்பலாக உதிரும். இது சுருண்டு, கறுத்து, உருண்டையாகிப் பிளாஸ்டிக்காக நாறியது. அம்மா பருத்தி நூலைத் தவிர வேறு எதிலும் பின்னியதில்லை.

"இது கடையில வாங்கினது. அம்மாவோடது எங்கண்ணா?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி கைப்பேசியைப் பார்த்தாள்.

"அது ஒரே மருந்து நாத்தம்மா," என்றாள் அண்ணி கடைசியில். "நாய்க்கு விரிச்சுட்டோம். அதே மாதிரி தேடித் தேடித்தான் வாங்கினேன். யாருக்குத் தெரியப்போகுது?"

தங்கை அந்தப் பையை அண்ணன் பக்கமே தள்ளினாள். நாற்றம் துணியிலா அடித்தது, த்தூ.

அன்றே அவர்கள் வீட்டுக்குப் போய் அம்மாவின் சால்வையை எடுத்துவந்தாள். நாய்முடியும் எச்சிலும் போக அலசினாள். ஒரு மூலையை நாய் மென்று ஓட்டையாக்கியிருந்தது. இதை எரிக்க அவளுக்கு மனமில்லை, எரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நீலக் கண்ணாடிமேல் சால்வையை விரித்து, வெள்ளைக் கண்ணாடித் தூளைச் சல்லடையில் சலித்தாள். மூச்சுவிடாமல் துணியைத் தூக்கினாள். இடைவெளிகளில் விழுந்த தூளில் அம்மாவின் பின்னல் அச்சாக நின்றது. ஓட்டை இருந்த மூலையில் மட்டும் தூள் திட்டாகக் கிடந்தது. அதைத் துடைக்காமலே சூளையில் வைத்தாள். பார்க்கும்போதாவது அவனுக்கு உறைக்கட்டும்.

உறைத்தால்தானே!

புது வீட்டுக்கு விருந்தாளிகள் வந்த அன்று தங்கையும் போனாள். சால்வையை வீட்டில் விட்டுவர மனம் வராமல் பையில் வைத்திருந்தாள். ஒரு பெரியவர் ஹாலில் மாட்டியிருந்த கண்ணாடியின் அந்தத் திட்டைக் காட்டி, "இந்த மூலை மட்டும் வேற மாதிரி இருக்கே?" என்று கேட்டார்.

"அது அம்மாவோட தனி டிசைனுங்க," என்றான் அண்ணன், முகம் மாறாமல். "கடைசிக் காலத்துல அவங்க பின்னப் பின்ன நான்தான் பக்கத்துல உக்காந்து நூல் எடுத்துக் குடுத்தேன்."

பெரியவர் கண் கலங்கினார். அண்ணனும் கலங்கினான். புளுகுக்கும் ஒரு கூச்சம் வேண்டாமா? தங்கைக்கு வாயெல்லாம் கசந்தது, எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தாள்.

அதற்குள் நாய் வந்துவிட்டது. பைக்குள் மூக்கை நுழைத்து முனகியது. சால்வையை இழுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் படுத்து, ஓட்டை விழுந்த அதே மூலையை வாயில் வைத்துக்கொண்டது.

பெரியவர் சால்வையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"டிசைன் போட்டவர் இவர்தாங்க," என்றாள் தங்கை, நாயைக் காட்டி. "கடைசிவரைக்கும் அம்மா பக்கத்துல இருந்தவரும் இவர்தான்."

நாயை அதட்ட அண்ணி கை ஓங்கினாள். ஹாலில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் கையை இறக்கிக்கொண்டாள்.