அட்டையில் ஓர் அம்பு

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அட்டையில் அந்த அம்புக்குறியை வரைந்தது அக்காதான் என்று என் நினைவு. பேனாவின் மூடியைப் பல்லில் கடித்தபடி அவள் ஏணியில் நின்றது கண்ணுக்குள் இருக்கிறது. அக்காவோ, "ஏணில நின்னது நீதான்டா, நான் கீழ பிடிச்சிட்டிருந்தேன்" என்கிறாள். எங்கள் மாமாவைக் கேட்டால், ஏணியே கிடையாது, ஜன்னல் வழியாகக் கையை நீட்டித்தான் வரைந்தீர்கள் என்கிறார். யார் கை என்று மட்டும் சொல்ல மாட்டார். அதற்குப் பிறகு நடந்தவற்றில் எங்கள் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அக்கா காதைச் சோதித்து, செவிக்கருவி பொருத்தித் தருகிறவள். மருத்துவமனை வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கடை வைத்தாள். கிடைத்தது மாடி. கீழே ஒரு சாவிக் கடை, பக்கத்தில் ஒரு சலவைக் கடை, இரண்டுக்கும் நடுவில் ஆள் ஒருக்களித்து நுழைகிற மாதிரி ஒரு கதவு, உள்ளே படிக்கட்டு. அந்தக் கதவைத் தாண்டிப் போகிறவர்கள் அதை ஏதோ மின்பெட்டி என்றுதான் நினைப்பார்கள். எனக்கு அப்போது வேலை இல்லை. அக்காவுக்கு ஒத்தாசையாக இருந்தேன் என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

எங்களைத் தேடி வருகிறவர்களுக்குக் காது கேட்காது. யாரிடமாவது வழி கேட்டால் பதில் புரியாது. புரியவில்லை என்று காட்டிக்கொள்ளவும் அவர்களுக்குப் பிடிக்காது. தெருவில் மேலும் கீழும் நடப்பார்கள், கையிலிருக்கும் காகிதத்தைப் பார்ப்பார்கள், பிறகு எதுவும் தேடாதவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு பேருந்து ஏறிவிடுவார்கள். நான் படியிறங்கி ஓடுவதற்குள் பேருந்து கிளம்பியிருக்கும். சாயங்காலம் அவர்கள் வீட்டிலிருந்து மகளோ மருமகனோ போன் செய்வார்கள். "அப்பா வந்தாராம், அங்க கடையே இல்லையாமே?"

தெருவின் இரு பக்கமிருந்தும் தெரிகிற மாதிரி, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பலகை வேண்டும், உள்ளே விளக்கோடு. ஆனால் அது பழைய கட்டடங்கள் நிறைந்த தெரு. நகராட்சியின் திட்ட அலுவலகம் அனுமதிக்காமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. அக்கா மனுப் போட்டாள். கட்டட உரிமையாளர் மாடிக்கு வந்து, உட்காராமலே சொன்னார்: "அனுமதி வர்ற வரைக்கும் வாடகைக்குப் பொறுத்துக்கறேன்மா. வரலைன்னா கடை தேறாது, உனக்கே தெரியும். மாடிய எனக்கு விட்டுடு."

அன்றிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேட்டரிகளை அளவுவாரியாகப் பிரித்து வைப்பாள், மறுபடி ஒன்றாகக் கொட்டுவாள். சோதனை அறையில் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, எதுவும் ஓடாத ஹெட்போனை மாட்டிக்கொள்வாள்.

பலகை செய்து தருவதாக ஒப்புக்கொண்ட போர்டுக்காரருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பலகையையும் செய்வதற்கு முன்னால் அதே அளவில் ஒரு வெள்ளை அட்டையை அந்த இடத்தில் தொங்கவிட்டு, தெருக்கோடியிலிருந்து பார்ப்பார். அளவு உறுத்தினால் கத்தரித்துவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பார். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கும் அளவு தெரியட்டும் என்று எங்கள் அட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போனார். போகும்போது விரலை ஆட்டிச் சொன்னார்: "இதுல ஒரு புள்ளி வைக்கக் கூடாது. வெறும் அட்டைன்னா அளவு பாக்கறோம்னு விட்டுடுவாங்க. ஏதாவது எழுதினீங்க, அப்புறம் அது விளம்பரம்."

"நாங்க என்ன சின்னப் பிள்ளைங்களா?" என்றாள் அக்கா.

வெள்ளை அட்டை காற்றில் ஆடியது. ஜனங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் காலையில் ஒரு பெரியவர் கீழே நின்று அந்த வெறுமையை வெகுநேரம் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு போய்விட்டார். அக்கா அதை ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

"அம்பு எழுத்தாடா?" என்று கேட்டாள்.

நான் கையிலிருந்த புத்தகத்தை மூடினேன்.

"கோடுதானே? வெறும் கோடு."

அம்பு கதவைக் காட்டியது. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கழிப்பறை தேடி வந்தவர்கள் உண்டு. பல் பிடுங்க வந்த ஒருவர், வந்ததற்குக் காதையாவது பாருங்கள் என்று உட்கார்ந்துவிட்டார். ஆனால் எங்களுக்கானவர்களும் வந்தார்கள். நாற்காலி போதாமல் மாமா வீட்டிலிருந்து ஸ்டூல் கொண்டுவந்தார். "உன் படிப்பெல்லாம் சேர்ந்து செய்யாதத ஒரு கோடு செஞ்சிருச்சு பாரு" என்று அக்காவைச் சீண்டினார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் அவர். அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் எங்களைப் பார்த்து ஒரு ஹாரன் அடிப்பார்.

திட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒரு மத்தியானம் வந்தார். நடுவயதுப் பெண்மணி. எதிர்ச்சுவரில் சாய்ந்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் படியிறங்கி வந்தோம்.

"இது என்ன?"

"அளவு பாக்க மாட்டின அட்டை மேடம்" என்றாள் அக்கா.

"அம்பு?"

"காத்துல எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாக்கறதுக்கு."

அதிகாரி சிரிக்கவில்லை. "வெறும் அட்டையா இருந்திருந்தா பாத்துட்டுப் போயிருப்பேன்மா. இப்ப இது அனுமதி இல்லாம வச்ச விளம்பரம். இன்னிக்கே எடுத்துடுங்க. இல்லைன்னா மனுவயே தள்ள வேண்டி வரும்."

"மேடம், எங்ககிட்ட வர்றவங்க யாரையும் வழி கேக்க மாட்டாங்க. அவங்களுக்கு இருக்கறது கண்ணு மட்டும்தான்."

"புரியுது. எதிர்ல அந்த ஜன்னல் தெரியுதா? அங்க ஒரு குடும்பம் தூங்குது. உங்க விளக்கு நேரா அவங்க கட்டில்ல விழும். உங்களுக்குக் குடுத்தா சாவிக் கடைக்காரர் கேப்பார், அப்புறம் சலவைக் கடை. நான் யாருக்கு இல்லைன்னு சொல்ல?"

அக்கா அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். "கீழ ஒரு ஆள் நின்னா?"

"ஆளுக்கு அனுமதி வேண்டாம். கையில போர்டு இருந்தா வேணும்."

"விரல நீட்டினா?"

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். "விரலுக்கு விதி எதுவும் இல்ல தம்பி."

அட்டையைக் கழற்றினோம். மறுநாளிலிருந்து நான் கதவருகே நின்றேன். காது கேட்காமல் வருகிறவர்களை நடையிலேயே கண்டுகொள்ள முடிந்தது. பின்னால் வண்டி வருகிறதா என்று அடிக்கடி திரும்புவார்கள். எதிரில் வருகிறவர்களின் உதட்டைப் பார்ப்பார்கள். நான் பேச மாட்டேன். அவர்கள் கண் என்மேல் விழும்போது விரலை மேலே காட்டுவேன். அவர்கள் முகத்தில் ஓர் ஆசுவாசம் வரும். பேச வேண்டியிராத அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கால்கள் தரிக்கவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போனாலும் அந்த நேரத்தில் யாரோ தாண்டிப் போயிருப்பார்கள் என்று ஓடி வருவேன்.

"நம்ம வீட்ல இவன் ஒரு இடத்துல நின்னு இப்பத்தான் பாக்கறேன்" என்றார் மாமா.

முடிவு வந்தது. நீட்டுப் பலகைக்கும் விளக்குக்கும் அனுமதி இல்லை. கதவுக்கு மேலே, சுவரோடு ஒட்டி, விளக்கில்லாத சிறு பலகை வைத்துக்கொள்ளலாம். போர்டுக்காரர் தெருவில் இறங்கி நின்று பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சுவரோட ஒட்டினா நேரா எதிர்ல நிக்கறவனுக்குத்தான் தெரியும். இந்தத் தெருவுல எதிர்ல யார் வந்து நிக்கப் போறான்? காச வாங்கிட்டுச் செஞ்சு குடுத்துடலாம். எனக்கு மனசு வரல."

மேல்முறையீடு செய்யலாம் என்றேன். அதுவரை நான் நிற்கிறேன் என்றும் சொன்னேன். அக்கா அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கீழே சாவி அறுக்கும் சத்தம் மட்டும்.

"நீ எத்தனை நாள்டா விரலாவே இருப்ப?" என்றாள் அக்கா.

"எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

"எனக்குக் கஷ்டமா இருக்கு. உனக்குக் காய்ச்சல் வந்தா கடைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி. இப்பவே மேல உக்காந்துட்டு, நீ நிக்கறியா, எங்கயாவது போயிட்டியான்னு ஜன்னலத்தான் பாத்துட்டிருக்கேன். வர்றவங்க காத நான் எப்பப் பாக்கறது?"

அன்று மாலையே கட்டட உரிமையாளருக்குப் போன் செய்து, மாடியை விட்டுவிடுவதாகச் சொன்னாள். பேசி முடித்ததும் உட்கார்ந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் முழுதாக உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

அக்கா இப்போது வேறொரு தெருவில், ஒரு மருந்துக் கடையின் பின்னறையில் இருக்கிறாள். வருகிறவர்களை மருந்துக் கடைக்காரரே உள்ளே அழைத்து வருகிறார். தொழில் சுமாராக நடக்கிறது. மாமா இன்னும் பள்ளிப் பேருந்துதான் ஓட்டுகிறார். போர்டுக்காரர் பட்டறையை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். இரண்டு வருடம் கழித்து இறந்துபோனார். அதிகாரி குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றலானதாகக் கேள்வி. மாடியில் கட்டட உரிமையாளர் குழாய்ச் சாமான்களை அடைத்து வைத்திருக்கிறார். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.