எருக்கு முளைத்த வீடு

எங்கள் வீட்டில் தண்ணீருக்கு முதல் உரிமை செம்பருத்திக்கு. அடுத்தது நந்தியாவட்டைக்கு, அப்புறம் அரளிக்கு. மிச்சம் இருந்தால் எனக்கு. வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்த நாளாக இதுதான் சட்டம். பங்குனியில் ஒருநாள் போர் மோட்டார் வெறும் காற்றை இறைத்தது. நான் அரை பக்கெட்டில் குளித்தேன் என்று பேர் பண்ணிவிட்டு வெளியே வந்தால், என் வீட்டுக்காரர் நமசிவாய குருக்கள் முழு பக்கெட்டைச் செம்பருத்திக்கு அபிஷேகம் செய்துகொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம்.

இந்த வீட்டில் நான் இருக்க வேண்டுமா, செம்பருத்தி இருக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் யோசித்தார். அந்த யோசனைதான் என்னை இன்னும் கிளப்பிவிட்டது.

செல்போனில் பாலைவனத் தோட்டம் போடுவது எப்படி என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம் படம் வரைந்தேன். செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை எல்லாவற்றையும் பிடுங்கினேன். மண்ணோடு மணலும் ஜல்லியும் கலந்து மேடு கட்டினேன். மழை பெய்தாலும் வேரில் தண்ணீர் தேங்கக் கூடாதாம். சுவரோரம் மண்டியிருந்த களையை வெட்டிவிட்டு, அதன் முன்னால் ஒரு பெரிய பாறையைப் பாதி புதைத்தேன். உருண்டைக் கள்ளி, திருகுகள்ளி, ஆனைக்கற்றாழை, நடுவில் அடீனியம். செடிக்குச் செடி நிறைய இடம் விட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, பாதி சிரைத்த தலை மாதிரி இருக்கிறது என்றார். ரசனை கெட்டவர்.

பக்கத்து வீட்டு ராஜம்மாளுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர், கடலை போடுகிற குடும்பம். அவள் மதில்மேல் கையை ஊன்றி வெகுநேரம் பார்த்தாள். "எங்க கொல்லையில இதை வெட்டிப் போட ஆள் தேடினு இருப்போம் மாமி. நீங்க காசு குடுத்து வாங்கி வச்சினு இருக்கீங்க" என்றாள்.

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், நான் இப்போது முழு பக்கெட்டில் குளிக்கிறேன். ஆனால் இவர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. வீட்டுப் பூஜைக்குக் கடைப்பூ வாங்குவதில்லை என்பது அவர் அப்பா காலத்து வைராக்கியம். தன் கையால் வளர்த்த பூதான் வீட்டு லிங்கத்துக்கு. இப்போது அட்சதையைப் போட்டுப் பூஜையை முடித்தார். பூக்குடலையை மட்டும் பழக்கத்தில் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், வெறுமனே திரும்பி வந்தார். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு பேச்சுப் பேசியிருப்பேன். அந்தக் காலிக் குடலையைப் பார்த்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடீனியம் பூத்த அன்று ஓடிப்போய்ச் சொன்னேன். ரோஜா நிறத்தில் கொத்தாய் அழகான பூ. அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சாஸ்திரத்தில் பெயரே இல்லாத பூவை என்ன சொல்லி அர்ச்சிப்பது என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆனி மாதம் ஒரு காலையில் ராஜம்மாள் மதில் பக்கத்திலிருந்து பதறிக் கூப்பிட்டாள். பாறைக்குப் பின்னால், நான் வெட்டிய களை மறுபடி துளிர்த்து இடுப்புயரம் நின்றது. எருக்கு. கத்தரிப்பூ நிறத்தில் கொத்துக் கொத்தாய்ப் பூத்தும் இருந்தது.

"பிடுங்கிப் போடுங்க மாமி. உன் வீட்ல எருக்கு மொளைக்கன்னுதான் எங்க ஊர்ல சாபமே குடுப்பாங்க" என்றாள்.

செம்பருத்தியைப் பிடுங்கிய பாவம் இப்படி முளைத்ததோ என்று மண்வெட்டியை எடுத்து ஓங்கினேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"வெட்டாதே, இரு."

குடலையோடு வந்தவர் பாறைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பூவாகக் கிள்ளினார். கையெல்லாம் பால். ராஜம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். ஆகாத செடியாயிற்றே என்று நான் இழுத்தேன்.

"யாருக்கு ஆகாது? நமக்குத்தான் ஆகாது. ஸ்வாமி எருக்கம்பூ கேக்கறவர்னு தெரிஞ்சும், ஆத்துல வளக்கக் கூடாதுன்னு செம்பருத்தியாவே போட்டுண்டிருந்தேன். எனக்குப் பிடிச்சதைப் போட்டுட்டு, அவருக்குப் பிடிச்சதுன்னு நெனச்சுண்டேன்" என்றார்.

அன்று பூஜை மணி வெகுநேரம் அடித்தது. நான் சமையலறையில் நின்று கேட்டேன். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

பூஜை முடிந்து விபூதியோடு வந்தவர், என் நெற்றியில் இட்டுவிட்டு அப்படியே நின்றார். ஏதோ கேட்க வந்தவர் போலிருந்தது. காபி வேண்டுமோ என்று பார்த்தேன்.

"லலிதா, உனக்கு என்ன பூ பிடிக்கும்?"

கல்யாணமான நாளாக யாரும் கேட்டதில்லை. எதற்கும் பதிலைத் தயாராய் வைத்திருப்பவள் நான். மல்லி என்று வாய்வரை வந்தது. அது அம்மாவுக்குப் பிடித்தது. தாழம்பூ அக்காவுக்கு. எனக்கு எது?

"தெரியலையேன்னா" என்றேன்.

அவர் மணையை இழுத்துப் போட்டு அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யோசிச்சுச் சொல்லு. நான் இங்கேதான் இருக்கேன்" என்றார்.