யாரும் உட்காராத சோபா

எங்கள் வீட்டு சோபாவில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கொரியாவின் இந்த தேகு நகரத்தில் எந்த வீட்டில்தான் உட்கார்கிறார்கள்? கடை கடையாக ஏறி இறங்கி, துணியைத் தடவிப் பார்த்து, நிறத்துக்காக சண்டை போட்டு வாங்கி வருவோம். கொண்டுவந்து போட்டவுடன் அதன் காலடியில் தரையில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொள்வோம். தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடி இதமாகச் சுடும்போது எவன் மேலே ஏறிக் குளிரில் உட்காருவான்? எங்கள் சோபாவின் மேல் உட்காருவது மடித்த துணியும் மடிக்காத துணியும்தான். என் கணவர் வீடெல்லாம் தேடும் அவருடைய மூக்குக்கண்ணாடியும் சில நாள் அங்கே உட்காரும்.

அதனால் இருக்கை மட்டும் வாங்கிய அன்றைய சந்தன நிறத்தில் அப்படியே இருந்தது. முன்பக்கம்தான் கண்ராவி. முதுகு, கழுத்து, என் கணவர் இளமையாகத் தெரிவதற்காகத் தலைக்குப் போட்டுக்கொள்ளும் சாயம், எல்லாம் பட்டுப்பட்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கறுத்த பட்டை ஓடியது. வேறு சமயமாக இருந்தால் அதை ஒரே காலைப்பொழுதில் போக்கியிருப்பேன். இப்போது வேண்டுமென்றேதான் விட்டு வைத்திருந்தேன்.

காரணம் திவசம். என் கணவர் தே-ஷிக் வீட்டுக்கு மூத்த பிள்ளை, பூர்வீகம் ஆந்தோங். ஆந்தோங் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன் என்று சொன்னாலே இங்கே பெண்கள் என் தோளைத் தட்டிக்கொடுப்பார்கள். செத்துப்போன நான்கு தலைமுறைக்கும் தேதி தவறாமல் திவசம் கொடுக்கிற ஊர் அது. கொடுப்பது பிள்ளைகள், சமைப்பது மருமகள்கள். மீன் பொரிக்க வேண்டும், காயையும் கறியையும் மாவில் தோய்த்துச் சுட வேண்டும், பேரிக்காயின் தலையை மட்டும் சீவி அடுக்க வேண்டும். ஆண்கள் கடைசியில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து விழுந்து கும்பிடுவார்கள். பிறகு மீனில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிக்கொண்டே தட்டைக் காலி பண்ணுவார்கள். குனிந்து கும்பிட்டதில் இடுப்பு பிடித்துக்கொண்டது என்ற புகார் வேறு.

இத்தனை காலமும் இதையெல்லாம் ஊரில் என் மாமியார் இழுத்துக் கட்டிக்கொண்டு இருந்தார். அத்தைக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. திவசப் பாத்திரங்களை இனி மகன் வீட்டில் ஒப்படைக்கப் போவதாகப் போனில் சொன்னார். மூத்தவனா இளையவனா என்று நாங்கள் யாரும் வாய் திறக்கும் முன்பே சட்டமும் சொல்லிவிட்டார்: இரண்டு வீட்டுக்கும் வந்து பார்ப்பார், எந்த வீடு சுத்தமோ அங்கே பாத்திரம் போகும், அழுக்கில் முன்னோரை உட்கார வைக்க மாட்டார்.

அந்த போனை வைத்த கையால் நான் துடைக்கிற துணியைத் தொடவில்லை. என் பெண் வேலைக்காக வேறு ஊர் போய்விட்டாள். இப்போதுதான் எனக்கென்று சனிக்கிழமை என ஒன்று கிடைத்திருக்கிறது. மலையேறுகிறேன், ஆற்றங்கரையில் நடக்கிறேன், யாருக்கும் எதுவும் பொரிக்காமல் பகலில் தூங்குகிறேன். இதை நான் முகம் பார்த்திராத நான்கு கிழவர்களுக்கு எழுதிக் கொடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் அதை வெளியே சொன்னால் நல்ல குடும்பத்துப் பெண்ணா நீ என்பார்கள். அழுக்கு பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் ஓர்ப்படி சூ-ரியோன் என்னைவிடக் கெட்டிக்காரி. அவளும் இதே ஊர்தான். ஒரு நாள் போன் பண்ணி, வீட்டில் ஒரு பூனை வந்து சேர்ந்திருக்கிறது, சோபா முழுக்க முடி, அத்தை வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன் அக்கா என்று கண்ணீர் விடாத குறையாகப் பேசினாள். பூனை தும்மல் வரவழைக்கும் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். பேச்சுக்கு நடுவே நாலு தரம் தும்மவும் செய்தாள். ஒரு நல்ல காரியத்துக்காகப் பெண்கள் எவ்வளவு கஷ்டமும் படுவார்கள்.

நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஆள் என் கணவர். அவர் மூக்குக்கண்ணாடி பிரேம் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறவர். வீட்டில் எதையும் பார்க்க மாட்டார். அப்படிப்பட்டவர் அத்தை வருவதற்கு முந்தின சனிக்கிழமை சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"அம்மா இந்த சோபாவப் பாத்தா என்ன நெனைப்பாங்க? நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்."

நான் பிரசவம் முடிந்து படுத்திருந்தபோது இதைச் சொல்லியிருக்கலாம். குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸை மலைபோலக் குவித்து ஊறுகாய் போட்டபோது ஒரு வருஷமாவது சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அவருக்கு இந்த நாள்தான் கிடைத்தது. நான் தடுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் சமர்த்தாக உட்கார்ந்தேன், வழக்கம்போலத் தரையில்.

முதலில் போனில் வீடியோ பார்த்தார். பத்து நிமிஷத்தில் பெரிய நிபுணராகிவிட்டார். சாப்பாட்டு மேஜை நாற்காலிகளுக்கு வெல்வெட் மெத்தை. வெல்வெட்டை அதன் முடி படுத்திருக்கும் பக்கமாகவே மெல்லப் பிரஷ் போட வேண்டும், தண்ணீர் கிட்டேயே வரக் கூடாது. அவர் ஈரமாக்கி, எதிர்ப்பக்கமாக, வாணலி தேய்ப்பதுபோல் தேய்த்தார். அவருக்கு உச்சியில் இருப்பதைப் போலவே நாற்காலிகளுக்கும் நடுவில் வழுக்கை விழுந்தது. அடுத்தது அவருடைய செல்லத் தோல் நாற்காலி. தோலை ஈரம் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, உடனே காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். அவர் பாத்திரம் கழுவும் சோப்பைக் கொட்டி, வெந்நீர் விட்டுக் குளிப்பாட்டினார். கறுப்புச் சாயம் துணியோடு வந்தது. எவ்வளவு அழுக்கு பாரு, நீ இத்தனை நாள் இதைக் கவனிக்கவே இல்லை என்று என்னைத்தான் குறை சொன்னார். நாக்கின் நுனியில் நின்ற பதிலை நான் விழுங்கிக்கொண்டேன். அவர் எவ்வளவுக்கு எவ்வளவு கெடுக்கிறாரோ அவ்வளவுக்கு எனக்கு லாபம்.

கடைசியில் சோபா. நுரையை மட்டும் தடவி எடுக்க வேண்டிய துணிக்கு ஒரு வாளித் தண்ணீரும் வினிகரும் ஊற்றினார். அதுவும் எங்கே? யாரும் உட்காராத, ஒரு கறையும் இல்லாத இருக்கையின் மேல். வீடியோவில் அப்படித்தான் காட்டினார்களாம். வீடியோ எடுத்தவர்கள் சோபாவில் உட்காருகிற தேசத்துக்காரர்கள் போலிருக்கிறது. எங்கள் கறுத்த பட்டையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் தினமும் சாய்கிறவருக்கு அது எப்படிக் கண்ணில் படும்?

சொட்டச் சொட்ட நனைந்த மெத்தைகளை எங்கே காயவைப்பது? வெளியே பனி. சூட்டை முழுசாகத் திருப்பிவிட்டு, மெத்தைகளைத் தரையில் வரிசையாகப் படுக்கப்போட்டு, சூடு வெளியே போகாமல் மேலே கனமான போர்வையைப் போர்த்தினார். சீக்கிரம் காய்ந்துவிடும் என்றார். போர்வைக்குள் ஈரம் காயாது, வேகும். நான் என்ன சொல்ல? அவர் உற்சாகத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் நாள் வீட்டில் ஒரு வாடை எழுந்தது. மூன்றாம் நாள் அது எங்களை வரவேற்க வாசலுக்கே வந்தது. அன்றுதான் அத்தை வந்தார். கையில் சிவப்புத் துணியில் கட்டிய மூட்டை, உள்ளே பித்தளை சத்தம். அதைக் கேட்டதும் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். இருந்தாலும் வாடை என் பக்கம் இருக்கிறது என்று தைரியமாக நின்றேன்.

அத்தை செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்று மூக்கை உறிஞ்சினார். முகம் மலர்ந்துவிட்டது.

"சோயாக் கட்டி புளிக்க வச்சிருக்கியா? இந்தக் காலத்துல, அபார்ட்மென்ட்ல?"

 சோயாவை அவித்து இடித்துக் கட்டி பிடித்து, சூடான தரையில் போர்வை போர்த்திப் புளிக்க வைப்பது ஆந்தோங் மாமியார்களுக்குப் பெரிய விரதம் மாதிரி. அதை வீட்டில் செய்கிற மருமகள் கிடைத்தால் பாத்திரத்தோடு கோயிலும் கட்டுவார்கள். என்னைக் காப்பாற்ற வேண்டிய நாற்றமே என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. நான் மறுத்துச் சொல்வதற்குள் அத்தை முட்டிவலியை மறந்து விடுவிடுவென்று போய் போர்வையைத் தூக்கினார்.

உள்ளே எங்கள் சோபா மெத்தைகள், ஓரமெல்லாம் பச்சைப் பூசணம் பூத்து ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

அத்தை குனிந்து ஒரு மெத்தையை மோந்து பார்த்தார். பிறகு இது யார் வேலை என்று கேட்டார். என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எல்லாம் தானே தனியாகச் செய்ததாகச் சொன்னார். வழுக்கை நாற்காலிகளையும் சாயம் போன தோல் நாற்காலியையும் கூட்டிப்போய்க் காட்டினார். அத்தை எல்லாவற்றையும் பார்த்தார். வந்து, மெத்தையில்லாத சோபாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். சாயும்முன் கறுத்த பட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.

"எல்லாரும் சாயற எடத்த விட்டுட்டு, ஒருத்தரும் உக்காராத எடத்தக் கழுவியிருக்கான்," என்றவர் என்னைப் பார்த்தார். "சின்னவன் வீட்டுக்குப் போயிட்டுத்தான் வரேன். அங்க ஒரு பூனை இருக்கு. பாவம், அது வாசக்கதவையே பாத்துக் கத்துது. யார் வீட்டுப் பூனையோ."

நான் தரையைப் பார்த்தேன். அத்தை மூட்டையைத் தன் முன்னால் இழுத்து வைத்தார். முடிந்தது என் சனிக்கிழமை என்று நினைத்தேன். பெரியவர்கள் கொடுப்பதை இரண்டு கையாலும் வாங்க வேண்டும், அந்த வழக்கம் உடம்பில் ஊறியிருக்கிறது. எழுந்து கைகளை நீட்டினேன்.

"நீ எதுக்கு எந்திரிக்கற? உக்காரு. டேய் தே-ஷிக், நீ வா. ரெண்டு கையையும் நீட்டு."

என் கணவர் மூட்டையை வாங்கிக்கொண்டு, சமைக்கப் போவது இவள்தானே என்று விழித்தார்.

"செத்தது யாரோட தாத்தா? உன்னோடது. இவ அவரப் பாத்ததுகூட இல்ல," என்றார் அத்தை. "உங்கப்பா போற வரைக்கும் ஈரத்துணி எந்தப் பக்கம் இருக்குன்னு அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே நீ பண்ணு. கெட்டுப்போனாப் போவுது, இந்த மெத்த மாதிரி. செத்தவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

 என் கணவர் மூட்டையைப் பச்சைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"வேணும்னுதானே விட்டு வச்ச?" என்று அத்தை அடங்கிய குரலில் கேட்டார்.

பொய் சொல்ல வரவில்லை. "ஆமா அத்தை. எனக்கு வேண்டாம்."

"எங்க மாமியார் வரப்போ நானும் போர்வை ஒண்ணையும் துவைக்காமத்தான் போட்டு வச்சேன்." தன் முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "எனக்குப் பலிக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனுஷியை ஏமாற்றவா அத்தனை நாள் அழுக்கைப் பொத்தி வளர்த்தேன்? அத்தை பக்கத்துத் தரையைத் தட்டினார். போய் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அந்தக் கறுத்த பட்டையில் முதுகைச் சாய்த்துக்கொண்டோம். தரை நன்றாகச் சுட்டது.

மீன் பொரிக்கிற சட்டி எங்கே இருக்கிறது என்று உள்ளேயிருந்து என் கணவர் கேட்டார். பழக்கதோஷம், பதில் சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் தொடையில் கைவைத்து அழுத்தினார்.

"தேடட்டும்," என்றார்.