சோபியாவின் இரண்டு விரல்கள்

உத்திரமேரூர் ஏரிக்கு அப்பாலுள்ள சின்ன சர்ச்சில் பதினாறு வருடங்களாகக் கீபோர்டு வாசித்தவள் சோபியா. வாரத்தில் ஆறு நாள் தையல் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அந்த ஆறு நாளையும் தள்ளினாள். போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று, பாட்டின் நடுவே அவளுடைய வலது கை மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. வலி இல்லை. விரித்தால் விரிந்தன. மறுபடி கீபோர்டில் வைத்ததும் மடங்கின.

வெங்காயம் அரிந்தாள், மகளுக்குத் தலை பின்னினாள், கம்பெனியில் பட்டன் தைத்தாள். எதிலும் குறையில்லை. உள்ளூர் டாக்டர் சத்து ஊசி போட்டார். பழக்கம் விட்டுப்போயிற்றோ என்று தினமும் இரண்டு மணி நேரம் வாசித்துப் பார்த்தாள், இன்னும் மோசமானது. எல்லா வேலைக்கும் வரும் கை பாட்டுக்கு மட்டும் ஏன் வராது என்று சபையில் சிலர் பேசிக்கொண்டார்கள். அவள் இடத்தில் பரிமளா என்ற கல்லூரிப் பெண் உட்கார்ந்தாள். கடைசி வரிசைக்குப் போன சோபியா பாடுவதையும் விட்டுவிட்டாள்.

ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் பெஞ்சமின் விசாரித்து விசாரித்து, சென்னையில் நரம்பு மருத்துவர் சுலோச்சனாவிடம் அழைத்துப் போனான். எழுதச் சொன்னார், டம்ளரைப் பிடிக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது.

“வூட்டு வேல எல்லாம் நல்லாத்தான் பண்ணிக்கினு கீறேன் டாக்டர். வாசிக்கறதுதான் வரல” என்றாள் சோபியா.

அடுத்த முறை கீபோர்டையும் கொண்டு வரச் சொன்னார் டாக்டர். போர்வையில் சுற்றி, இரண்டு பஸ் மாறி எடுத்துப் போனார்கள். நான்கு மாதமாக அவள் அதைத் தொடவில்லை. பரிசோதனைக் கட்டில்மேல் வைத்து இரண்டு அடி வாசிப்பதற்குள் விரல்கள் மடங்கின. டாக்டர் குனிந்து அந்தக் கையையே பார்த்தார்.

“இது நீங்க பண்றதில்லம்மா. வாசிக்கிறப்ப மட்டும் இந்த ரெண்டு விரலையும் தனித்தனியா ஆட்டுறது மூளைக்குக் குழம்பிப்போச்சு. டிஸ்டோனியான்னு பேரு. ரொம்ப வருஷம் வாசிக்கிறவங்க சிலருக்கு வரும்.”

அதற்கு ஒரு பேர் இருந்ததே என்றுதான் சோபியா அழுதாள்.

பிறகு, தொடும் உணர்வு மாறினால் விரல்கள் என்ன செய்கின்றன என்று பார்க்க, டாக்டர் அவள் கையில் ஒரு மெல்லிய ரப்பர் உறையை மாட்டி வாசிக்கச் சொன்னார். விரல்கள் நிமிர்ந்தே நின்றன. ஒரு சரணம் முழுவதும் வந்தது. கதவோரம் நின்ற பெஞ்சமின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்த சரணத்தில் கை உறைக்குப் பழகி, மறுபடி மடங்கியது.

“பழையபடி வருமா டாக்டர்?”

“முழுசா வரும்னு சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன்” என்றார்.

விரலை மடக்கும் தசையைத் தளர்த்த, முன்கையில் ஊசி போட்டார்கள். ஒரு மாதம் போல விரல்கள் துவண்டு கிடந்தன. தையல் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. பிறகு பயிற்சி தொடங்கியது. மெதுவாக ஒரு கட்டை, அப்புறம் அடுத்தது, மடங்குவதற்குள் நிறுத்திவிட வேண்டும். இன்னும் இரண்டு தடவை ஊசி போட்டார்கள். வேகமான பாட்டுகள் தன் கையில் மின்னல் போல் ஓடிய நாட்களை நினைத்தபடி, ஒற்றை ஸ்வரத்தை நாற்பது தடவை தொட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த ஈஸ்டருக்குப் பரிமளா தானாகவே எழுந்து இடம் விட்டாள். சோபியா ஒரு நிதானமான பாட்டை முழுக்க வாசித்தாள். ஓரிடத்தில் சுண்டு விரல் நழுவியது, யாருக்கும் தெரியவில்லை. அடுத்தது துரிதமான பாட்டு. எழுந்து, பரிமளாவின் தோளைத் தொட்டு உட்காரவைத்துவிட்டு, பெண்கள் பக்கம் போய் நின்று பாடினாள்.

பாடும்போது அவளுடைய வலது கை புடவை மடிப்பின்மேல் தானாக வாசித்தது. இரண்டு விரல்களும் நிமிர்ந்து, வேகம் குறையாமல், விழ வேண்டிய இடத்தில் விழுந்துகொண்டிருந்தன.