இரண்டு பைகளும் பதினொரு கல்லும்

கோதண்டராமன் கடையிலிருந்து இரண்டு முதுகுப்பைகளைத் தூக்கி வந்தேன். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது தள்ளிவிடும் சாமான்களை வாங்கி விற்பவர் அவர். "ரெண்டையும் மாட்டிப் பாருங்க டீச்சர். சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு வந்துடணும், வேற ஆள் கேக்கறாங்க" என்றார்.

எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. கீழ்பென்னாத்தூர் பள்ளியில் விளையாட்டு டீச்சர். அதற்கு முந்தின வருஷம், எண்பத்திரண்டில், இமயமலைக்குப் பனிமலை ஏறும் பயிற்சிக்குப் போனேன். இரவல் பை ஒரு பக்கமாகச் சரிந்து இழுத்ததில் சறுக்கி விழுந்தேன். உடம்பு தாங்காது என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நானும் அதைப் பாதி நம்பிவிட்டேன். முப்பத்தைந்து தாண்டினால் சேர்க்க மாட்டார்கள். மறுபடி எழுதிப்போட்டு அதே பயிற்சிக்கு இடம் வாங்கியிருந்தேன்; நாளை மறுநாள் ரயில். இந்த முறையும் பை காலை வாரினால் அவ்வளவுதான்.

ஒன்று பளபளக்கும் நீலம், அலுமினியச் சட்டம், எட்டுப் பாக்கெட். இன்னொன்று அழுக்குப் பச்சைக் கித்தான். பாக்கெட்டே இல்லாமல் ஒல்லியாக, தலையணை உறை மாதிரி இருந்தது. யோசிக்க என்ன இருக்கிறது? நீலம்தான்.

இருந்தாலும் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டுமே. எங்கள் ஊர் மலையடியில் கிடந்த பதினொரு கல்லை நீலப் பையில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு படிவழியாகப் பாதி மலை ஏறினேன். உச்சியைப் பார்க்க நிமிர்ந்தபோதெல்லாம் தலை பின்னால் சாயாமல் பிடரி மறுத்தது. கழுத்துக்கும் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் ரொம்பக் களைத்துப்போனேன்.

வீட்டு வாசலில் கல்லைக் கொட்டியதும் அம்மா பதறிக்கொண்டு வந்தாள்.

"அடிப்பாவி! மலையே சாமிடி. சாமியப் பேத்து எடுத்தாந்து வாசல்ல கொட்டறியே!"

"கல்லுதானேம்மா."

"எடுத்த எடத்துலயே வெச்சிட்டு, அப்படியே மேல ஏறிக் கும்புட்டு மன்னிப்புக் கேட்டுட்டு வா. அப்புறம்தான் சோறு."

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. சண்டை போடக்கூடத் தெம்பில்லை. கழற்றி வைத்த நீலப் பையை மறுபடி எடுக்க மனசில்லாமல், கற்களைக் கித்தானில் அள்ளிப் போட்டேன். வீம்புக்கு, கல்லோடேயே மேலே போய்விட்டு வரும்போது வைக்கலாம் என்று முடிவு செய்தேன். சீக்கிரம் தொலையட்டும் என்று படியை விட்டுவிட்டுப் பாறைமேல் கையூன்றி ஏறினேன்.

பை அசையவில்லை. முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்த பிடி எங்கே என்று அண்ணாந்தேன். பிடரியில் எதுவும் இடிக்கவில்லை. உச்சி முழுசாகத் தெரிந்தது.

என் கழுத்துக்கு ஒன்றுமே இல்லை. அந்த நீலப் பையின் சட்டம்தான் என் தலையைத் தடுத்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. பிறகு மேலே ஏறிக் கும்பிட்டு இறங்கி, பதினொரு கல்லையும் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வைத்தேன்.

நீலப் பையைத் திருப்பிக் கொடுத்தபோது கோதண்டராமன் முழித்தார். "நல்லத உட்டுட்டு இந்தக் கோணியவா எடுத்துக்கறீங்க?"

"நீலத்துல அண்ணாந்து பாக்க முடியலீங்க."

வீட்டில் அம்மா சோறு போட்டபடி கேட்டாள். "பதினொண்ணும் வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேம்மா."

பாதம் இரண்டும் கொப்பளித்திருந்தன. இன்னொரு தரம் ஏறச் சொன்னாலும் ஏறியிருப்பேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.